துடைத்த துணியைத் துவைப்பது

கார் கழுவுவது எப்படி என்று சொல்லித்தர இன்றைக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கழுவி முடித்த பிறகு வாளி ஓரத்தில் கறுப்பாகச் சுருண்டு கிடக்கிற துணியை என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லக் காணோம். பாதிப் பேர் அதை அப்படியே டிக்கிக்குள் திணித்து விடுகிறார்கள். அடுத்த வாரம் அதே துணியால் துடைக்கிறார்கள். பிறகு பெயிண்டில் வட்ட வட்டமாகக் கீறல் விழுந்திருக்கிறதே என்று கவலைப்படுகிறார்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு பழைய கார் வாங்கினேன். வாங்கிய வாரமே வீட்டில் ஒரு சட்டம் வந்துவிட்டது. "ஏங்க, வண்டித் துணி எதுவும் வாஷிங் மெஷின் பக்கம் வரக்கூடாது. துவைக்கிற கல்லுப் பக்கமும் வரக்கூடாது. பின்னால செவத்தோரம் ஒரு வாளி வச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டாள் என் மனைவி. நியாயமான சட்டம்தான். கிரீஸ் பட்ட துணியை மெஷினில் போட்டால், கதவு ரப்பரில் அது ஒட்டிக்கொண்டு அடுத்த நாள் வெள்ளைச் சட்டைக்கு ஏறும். ஆக, இந்தப் பதினோரு வருடமாக என் வண்டித் துணியை நான்தான் துவைக்கிறேன். எனக்கு இந்த வேலை புதிதல்ல. நான் பார்த்து வளர்ந்தது.

அதைச் சொல்லுமுன் நம்ம ஊர் அழுக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மற்ற ஊர்களில் வண்டியில் படிவது தூசி. நமக்குப் படிவது கரிசல். காய்ந்திருக்கும்போது மாவு மாதிரி இருக்கும், ஊதினால் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை பெய்த பிறகு விளாத்திகுளம் பக்கம் ஏதாவது ஒரு கிராமத்துக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வாருங்கள், தெரியும். டயரிலும் மட்கார்டு உள்பக்கத்திலும் அப்பிக்கொண்டு, இரும்புக் கம்பி வைத்து நோண்டினாலும் வராது. இந்த மண்ணிலுள்ள களி தண்ணீரைக் குடித்து ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதும், மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்வதும் ஒரே குணத்தால்தான். துணியில் ஏறினாலும் அதே குணத்தைத்தான் காட்டும். மண் பட்ட துணியை ஈரத்தோடு தண்ணீருக்குள் போட்டீர்கள் என்றால் களி ஊதி நூலுக்குள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். எத்தனை வாளி ஊற்றினாலும் கருந்தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். அதே துணியைக் கொடியில் மொறுமொறுவென்று காயவிட்டு, செவரில் நாலு அடி அடித்து உதறுங்கள். முக்கால்வாசி மண் துளித் தண்ணீர் இல்லாமல் கீழே கொட்டிவிடும்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்கள் அம்மா.

அய்யா லாரி டிரைவர். அறுபதுகளில் ஒரு முதலாளியிடம் பென்ஸ் வண்டி ஓட்டினார். டாடாவும் ஜெர்மன் கம்பெனியும் சேர்ந்து செய்த வண்டி அது, மூக்கில் நட்சத்திரம் இருக்கும். போகும்போது தீப்பெட்டி பண்டல், வரும்போது எது கிடைக்கிறதோ அது. வண்டியைத் துடைக்க முதலாளி வீட்டிலிருந்து கிழிந்த வேட்டி, பழைய சேலை, சாக்குத் துண்டு எல்லாம் ஒரு கட்டாகக் கொடுப்பார்கள். அந்தக் கட்டு அவ்வளவுதான். தீர்ந்தால் அடுத்த கட்டுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் டிரிப் முடிந்து அய்யா வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு சாக்கில் அழுக்குத் துணியும் கூட வரும். சாக்கை இறக்கி வாசலில் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார். நாலு நாள் தூங்காத மனுஷன், குறை சொல்ல முடியாது.

அம்மா சாக்கை அவிழ்த்து மூன்றாகப் பிரிப்பாள். மண் துணி, எண்ணெய்த் துணி, கண்ணாடித் துணி. கண்ணாடித் துணி என்றால் முன்கண்ணாடி துடைக்கிற மெல்லிய வேட்டித் துண்டு, அதை மற்றவற்றோடு சேரவே விடமாட்டாள். மண் துணி காயப் போகும். எண்ணெய்த் துணிதான் பெரும்பாடு. அதற்கு அவள் செய்த வைத்தியத்தைக் கேட்டால் இன்றைக்கும் பலர் சிரிப்பார்கள். நன்றாகக் காய்ந்த கரிசல் மண்ணை இடித்து, சல்லடையில் சலித்து, மாவாக எடுத்து அந்தத் துணியில் தூவித் தேய்ப்பாள். அப்படியே சுருட்டி வெயிலில் வைத்துவிடுவாள். சாயங்காலம் பிரித்து உதறினால் மண் கட்டி கட்டியாக எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு உதிரும். மண்ணால் அழுக்கான துணியிலிருந்து மண்ணை உதறுவாள், எண்ணெயால் அழுக்கான துணியில் மண்ணைத் தேய்ப்பாள். சின்னப்பிள்ளையில் எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரிந்தது.

பல வருடம் கழித்துத்தான் காரணம் புரிந்தது. முகத்துக்குப் பூசுகிற முல்தானி மட்டி என்று கடையில் விற்கிறார்களே, அந்த மண்ணிலும் நம் கரிசலிலும் இருக்கிற களி ஒரே குடும்பம். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் கம்பளி நெய்கிறவர்கள் ஆட்டு ரோமத்திலுள்ள கொழுப்பை எடுக்க இந்த வகை மண்ணைத்தான் போட்டு மிதித்தார்களாம். நம் பெண்கள் கரிசல் மண்ணைக் கரைத்துத் தலைக்குத் தேய்த்துக் குளித்ததும் இதனால்தான். எங்கள் அம்மா அதையெல்லாம் படித்தவள் இல்லை. தலையில் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற மண் துணியில் எடுக்காதா என்று நினைத்திருப்பாள்.

அதற்குப் பிறகுதான் தண்ணீர். ஒரு தகர டின்னில் தண்ணீர் ஊற்றி, சலவைச் சோடா போட்டு, பருத்திமார் வைத்து எரித்து, துணியைக் கொதிக்க விடுவாள். சோடா வாங்கக் காசில்லாத வாரம் உவர்மண். உவர்மண்ணிலும் இருப்பது பெரும்பாலும் அதே சோடாதான், வண்ணார் வெள்ளாவிக்குப் பயன்படுத்தியது அதைத்தான். பருத்திமார் சடசடவென்று எரிந்து நிமிஷத்தில் அடங்கிவிடும், பக்கத்திலேயே உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அது என் வேலை.

சோடா எதற்கு என்றால், எங்கள் தெருக் கிணறு உப்பு. அந்தத் தண்ணீரில் பார் சோப்பைத் தேய்த்தால் நுரை வராது, தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாகப் பிரிந்து துணியில் ஒட்டும். தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சோப்பு சேர்ந்து கெட்டுப்போவதால் வருகிற வினை அது. சோடா முதலில் போனால் சுண்ணாம்பைப் பிடித்துக் கீழே உட்கார வைத்துவிடும், அப்புறம் போடுகிற சோப்பு துணிக்கு வேலை செய்யும். எண்ணெயையும் சூட்டில் கரைத்துவிடும். எல்லாம் சரி. ஆனால் சோடா துணி எண்ணெய் எது, கை எண்ணெய் எது என்று பார்க்காது. அம்மாவின் விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். பெருவிரல் ஓரத்தில் கத்தியால் கீறிய மாதிரி பிளவு. சோறு பிசையும்போது உறைப்பு பட்டு முகத்தைச் சுளிப்பாள். ராத்திரி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, பாயில் படாமல் கையை நெஞ்சின் மேல் வைத்துத் தூங்குவாள்.

ஒருநாள் பக்கத்து வீட்டு மதினி கேட்டதற்கு அம்மா சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. "வண்டியத் தொடைக்கிறது அவுக. அவுக தொடைச்சதத் தொடைக்கிறது நானு." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது அம்மாவுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. ஒரு மாதம் படுத்த படுக்கை. அய்யா இரண்டு டிரிப் போகாமல் வீட்டில் இருந்தார். மூலையில் சாக்கு அப்படியே கிடந்தது. ஒரு காலையில் அதைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார், நானும் கூடப் போனேன். மொத்தத் துணியையும் தொட்டிக்குள் கவிழ்த்தார். மண்ணும் கிரீஸும் தண்ணீரில் சேர்ந்து தார் மாதிரி ஆகிவிட்டது. ஒரு மணி நேரம் கல்லில் அடித்தார். துணி கறுப்பாகவே இருந்தது, அய்யா கையும் முழங்கை வரை கறுப்பு. கண்ணாடித் துணியும் அதோடு போயிற்று. வீட்டுக்கு வந்ததும் அம்மா கட்டிலில் கிடந்தபடியே பார்த்துவிட்டு, "உதறாமலா போட்டீக?" என்று மட்டும் கேட்டாள். பிறகு மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். அய்யா கட்டில் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். மறுநாள் மண் இடித்தார், சலித்தார், டின் ஏற்றினார். இரண்டு நாள் சோடாத் தண்ணீரில் கிடந்த கை மூன்றாம் நாள் ஸ்டியரிங் பிடிக்க எரிகிறது என்றார்.

காய்ச்சல் விட்டு அம்மா எழுந்தபோது அவள் விரல் வெடிப்பெல்லாம் ஆறிப்போயிருந்தது. என் நினைவில் அவள் கை முழுசாக இருந்தது அந்த ஒரு தடவைதான். நோயில் படுத்ததால் கிடைத்த ஆரோக்கியம். அய்யா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. ஆனால் அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு எண்ணெய்த் துணி வரவே இல்லை. மில் கழிவு விற்கிற ஒரு வியாபாரியிடம் எடைக்கு நூல் வேஸ்ட் வாங்கிக்கொண்டார். சொந்தக் காசில்தான். இஞ்சின் வேலை எல்லாம் அந்த வேஸ்ட்டில். அழுக்கானதும் வழியில் ஏதாவது டீக்கடையில் அடுப்புப் பற்றவைக்கக் கொடுத்துவிடுவார். மண் துணியைக்கூட ஷெட்டிலேயே உதறிவிட்டுத்தான் கொண்டுவந்தார்.

பின்னாளில் நானே ஒரு நூற்பாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து, அந்த வேஸ்ட் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். நூற்கும்போது அறுந்து சிக்கிப்போன நூலைத் திரும்பப் பஞ்சாக்குவது சிரமம், அதனால் அது தனியாகப் போகும். பட்டறைக்காரர்களுக்கு அதுதான் துடைக்கிற பஞ்சு. கரிசலில் விளைந்த பருத்தி மில்லுக்கு வந்து, நூலாகாமல் தப்பிய மிச்சம் லாரி இஞ்சினைத் துடைக்கப் போகும். இப்போது பெரும்பாலும் திருப்பூர் பனியன் வேஸ்ட்தான் கிடைக்கிறது. அது துணியாக இருப்பதால் அலசித் திரும்பப் பயன்படுத்தலாம்.

மில்லில் கற்றுக்கொண்ட இன்னொன்று நெருப்பு பற்றியது. எண்ணெய் பட்ட வேஸ்ட்டை மூடியுள்ள தகர டப்பாவில்தான் போட வேண்டும், ஷிப்ட் முடிந்ததும் வெளியேற்றிவிட வேண்டும். பஞ்சு பறக்கிற இடத்தில் வேறு வழியில்லை. வீட்டிலும் இது பொருந்தும். இஞ்சின் ஆயில் பட்ட துணி தானாகப் பற்றிக்கொள்ளாது, ஆனால் ஒரு பொறி விழுந்தால் விடாது. தச்சுவேலை பாலிஷில் சேர்க்கிற ஆளிவிதை எண்ணெய் வேறு ஜாதி. அது காற்றுப் பட்டுக் காயும்போது சூடு கிளம்பும், அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் யாரும் பற்றவைக்காமலே எரியும். விரித்துப் போட்டுக் காயவிட வேண்டும். இல்லையென்றால் தண்ணீருள்ள டின்னில் அமுக்கி வைக்க வேண்டும். தீப்பெட்டி ஊர்க்காரர்களுக்கு நெருப்பைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது நான் செய்வது அம்மா செய்ததில் பாதி. காரைத் துடைக்க இரண்டு வாளித் தண்ணீர். ஒன்றில் துணியை நனைப்பது, மற்றதில் அழுக்கை அலசுவது. ஹோஸ் பிடிப்பதில்லை. ஒரு தடவை அளந்து பார்த்தேன், எங்கள் வீட்டு ஹோஸ் ஒரு நிமிஷத்தில் ஒரு வாளியை நிரப்புகிறது. பத்து நிமிஷம் பிடித்தால் பத்து வாளி. சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியாக அத்தனை தூரம் வருகிற தாமிரபரணித் தண்ணீருக்கு இந்த ஊர் எத்தனை நாள் காத்திருந்திருக்கிறது என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, அதற்குக் காவலாகப் பிள்ளையையும் உட்கார வைத்த காலம் உண்டே.

துடைத்து முடித்ததும் துணிகள் கொடிக்குப் போகும். மறுநாள் உதறல். அப்புறம் அரை வாளித் தண்ணீரில் முதல் அலசல். அந்தத் தண்ணீரில் மண் மட்டும்தான் இருக்கும் என்பதால் முருங்கைக்கு ஊற்றிவிடலாம். அடுத்த அரை வாளியில் சோப்புத் தூளும் ஒரு கரண்டி சலவைச் சோடாவும். சமையல் சோடாவை எடுத்துவிடாதீர்கள், அது வேறு. கை உறை கட்டாயம். என் மனைவி கேட்காமலே வாங்கி வைத்துவிட்டாள். இந்தத் தண்ணீர் செடிக்குப் போகக்கூடாது. சோடாவில் இருக்கிற உப்பு கரிசல் மண்ணில் சேரச் சேர மண் இறுகிக் களர் ஆகிவிடும். கடைசியாக ஒரு அரை வாளி நல்ல தண்ணீர். கண்ணாடித் துணிக்கு மட்டும் இதில் கஞ்சத்தனம் பார்க்கக்கூடாது. உப்புத் தண்ணீரில் அலசிய துணியால் கண்ணாடியைத் துடைத்தால் வெயிலில் வெள்ளை வெள்ளையாகக் கோடு தெரியும், எதிரே விளக்கு அடிக்கும்போது ராத்திரி ஓட்ட முடியாது.

கீழே விழுந்த துணியை, சுத்தமாகத் தெரிந்தாலும், அலசாமல் எடுக்கக்கூடாது. நம் மண்ணில் பொடிப் பொடியாகச் சுக்கான்கல் உண்டு. ஒரே ஒரு பொடி போதும், கதவு முழுக்கக் கோலம் போட்டுவிடும்.

மகள் வெளிநாட்டிலிருந்து வந்தபோது மைக்ரோஃபைபர் துண்டு ஒரு டஜன் கொண்டுவந்தாள். நல்ல பொருள்தான். 9,000 மீட்டர் இழை ஒரு கிராம் எடை இருந்தால் ஒரு டெனியர் என்பது எங்கள் மில் கணக்கு. இது ஒரு டெனியருக்கும் மெல்லியது. அதாவது இங்கிருந்து நாலாட்டின்புத்தூர் பக்கம் வரை இழுத்துக்கொண்டு போகிற நீளத்துக்கு ஒரு கிராம்கூட வராது. அவ்வளவு மெல்லிய இழை என்பதால் தூசியைக் கவ்விக்கொள்கிறது. அதையே துவைக்கும்போது கஷ்டமாகவும் ஆக்கிவிடுகிறது. பருத்தித் துணியோடு சேர்த்துப் போட்டால் பஞ்சுத் தூளையெல்லாம் கவ்விக்கொள்ளும். அடிப்படையில் பிளாஸ்டிக் இழை என்பதால் கொதிநீர் ஆகாது, பிளீச்சிங் பவுடர் ஆகாது. மணக்க மணக்க ஊற்றுகிற கண்டிஷனர் இழை மேல் படிந்துகொண்டு தண்ணீரை உறிஞ்சவிடாது. இளஞ்சூட்டில் தனியாக அலசி நிழலில் காயப்போட்டால் ரொம்ப நாள் உழைக்கும். கிரீஸ் பக்கம் மட்டும் கொண்டுபோகக்கூடாது. என்னைக் கேட்டால் பளபளப்புக்கு இது, பாடுபடுவதற்குப் பழைய வேட்டி.

இஞ்சின் ஆயிலில் ஊறிப்போன துணியை நான் துவைப்பதே இல்லை. அந்தத் தண்ணீர் எங்கே ஊற்றினாலும் தப்பு. 2016-ல் வந்த மத்திய அரசின் அபாயகரமான கழிவு விதிகளின் பட்டியலில் பழைய ஆயிலும் இருக்கிறது, அது பட்ட பஞ்சுத் துணியும் இருக்கிறது. மூடி போட்ட டப்பாவில் சேர்த்து, வண்டி பழுது பார்க்கப் போகும்போது பட்டறையில் அவர்கள் கழிவோடு கொடுத்துவிடுகிறேன்.

அந்தப் பட்டறையில் ஒரு பையன் வேலை பழகுகிறான், பதினெட்டு வயதிருக்கும். போன மாதம் டப்பாவை வாங்கும்போது அவன் கையைப் பார்த்தேன். பெருவிரல் ஓரத்தில் அதே பிளவு. கையை எதில் கழுவுகிறாய் என்று கேட்டேன்.

"பெட்ரோல்ல தாத்தா. சட்டுனு போயிரும்."

"சட்டை?"

"அம்மா தொவைக்கும். சோடாவ நெறயாப் போட்டு ஊற வச்சுத் தேய்க்கும். கை எரியுதுன்னு சொல்லும்."

பெட்ரோல் வேண்டாம், கையில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தேய்த்து, மரத்தூளும் சோப்புத் தூளும் சேர்த்துக் கழுவு என்றேன். பட்டறைக்கு எதிரிலேயே மரம் அறுக்கிற மில் இருக்கிறது, தூளுக்குப் பஞ்சமில்லை. சட்டைக்கு மண் வைத்தியத்தைச் சொன்னேன். சிரித்தான். நானும் அந்த வயதில் சிரித்தவன்தானே. மறுநாள் சலித்த கரிசல் ஒரு கிலோ அளவுக்குப் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "உங்க அம்மாகிட்டக் குடுக்காத. நீ தேய்ச்சு, நீ உதறிட்டு, அப்புறம் சட்டையக் குடு" என்றேன். தலையை ஆட்டினான். செய்வான் என்று நான் நம்பவில்லை.

இந்த வாரம் ஏர் பிடிக்கப் போனபோது அவனே வந்தான்.

"தாத்தா, அந்த மண்ணு தீந்துபோச்சு. எங்கன எடுக்கணும்?"

ஓடைப்பக்கம் எடுக்காதே, அங்கே சுக்கான்கல் கிடக்கும், உழுத புஞ்சையில் மேல் மண்ணாக எடு, இரண்டு நாள் வெயிலில் போட்டு மாவுச் சல்லடையில் சலி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "மாவுச் சல்லடையவா? அம்மா வையும்" என்றான். எங்கள் வீட்டுக் கொல்லையில் பழைய சல்லடை ஒன்று கிடக்கிறது. நாளைக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும்.